மேசையில் வைக்கும் காசு யாருக்குப் போகிறது? மட்டக்களப்பு, அம்பாறைச் சாப்பாட்டுக் கடைகளும் டிப்ஸ் வழக்கமும்

ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் மட்டக்களப்பு நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் மூன்று விதமாகப் பில் கட்டுவதைப் பார்க்கலாம். மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாவுக்குப் படுவான்கரைப் பக்கமிருந்து வந்த குடும்பம் மிச்சக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு போகிறது. பக்கத்து மேசையில் அலுவலகத்து ஆட்கள், மிச்சமாக வந்த ஐம்பது ரூபாயைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழும்புகிறார்கள். அதற்கு அப்பால் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள், 15,000 ரூபாய்ப் பில்லுக்கு இருபது வீதம் கணக்குப் பார்த்து 3,000 ரூபாயை வைக்கிறார்கள். மூன்று பேரும் அவரவர் பழகிய முறைப்படி சரியாகத்தான் நடந்திருக்கிறார்கள். ஆனால் மூன்று மேசைக்கும் பரிமாறியது ஒரே தம்பி.

சரி, இதில் எது முறை? எவ்வளவு வைப்பது என்ற கேள்வியோடு தொடங்கினால் இதற்குப் பதில் கிடைக்காது. அந்தக் கடையில் வேலை செய்பவருக்கு யார், எப்படிச் சம்பளம் கொடுக்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். அது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம்முடைய இரண்டு மாவட்டங்களிலும் குறைந்தது மூன்று வகையான சம்பள ஏற்பாடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஓர் இடத்துப் பழக்கத்தை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் கொடுப்பவருக்குக் கூச்சமும் வாங்குபவருக்குச் சங்கடமும் வருகின்றன.

வீதக் கணக்கு வந்த வழி

இருபது வீதம் என்பது வட அமெரிக்காவின் பழக்கம். அங்கே அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, டிப்ஸ் பெறுகிற ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டொலர் மட்டுமே. 1991இலிருந்து இந்தத் தொகை மாறவில்லை. டிப்ஸும் சேர்ந்து மணிக்கு 7.25 டொலரை எட்டாவிட்டால் முதலாளி மிச்சத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் இந்த ஏற்பாடு இல்லை, அங்கே எல்லாருக்கும் முழுக் கூலிதான். ஆனால் மற்றப் பல மாநிலங்களில் மேசையில் வைக்கும் காசு ஊழியரின் சம்பளத்தின் பெரும்பகுதி. அங்கே டிப்ஸ் வைக்காமல் எழும்புவது, வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காமல் போவதற்குச் சமம்.

கனடாவிலும் ஒன்ராறியோ மாகாணத்தில், மதுபானம் பரிமாறும் ஊழியர்களுக்கென்று தனியாக ஒரு குறைந்த கூலி இருந்தது. 2022 ஜனவரி 1இல் அதை எடுத்துவிட்டார்கள். சட்டம் மாறியும் பழக்கம் மாறவில்லை. காட் மெசினே 18, 20 வீதம் என்று எழுதிக்காட்டிக் கேட்கிறது. ரொறன்ரோவில் பத்து இருபது வருடம் இருந்த ஒருவருக்கு அது கையோடு ஒட்டிய வழக்கம். ஊருக்கு வந்த உடனே அதை விட்டுவிடு என்றால் விடமுடியாது.

சுவிசிலிருந்து வருகிற உறவினர்களைக் கவனித்திருந்தால் வேறு பழக்கம் தெரியும். அங்கே 1974 முதல் பரிமாறும் சேவைக்கான பணம் விலைப்பட்டியலில் உள்ள விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஆகவே கணக்கை அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்திக் கொடுப்பதோடு சரி. பிரான்சிலும் அப்படித்தான், விலைக்குள்ளே சேவையும் இருக்கிறது. இலண்டனில் 12.5 வீதம் பில்லிலேயே சேர்ந்து வரும், வேண்டாம் என்றால் எடுக்கச் சொல்லலாம். ஜப்பானில் டிப்ஸ் கொடுத்தால் பின்னால் ஓடிவந்து திருப்பித் தருவார்கள். ஒரே குடும்பத்தின் அண்ணன் ரொறன்ரோவிலும் தம்பி சூரிச்சிலும் இருந்தால், கல்லடியில் ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு பேரும் டிப்ஸுக்காக வாதாடுவதில் ஆச்சரியம் இல்லை. அண்ணன் தாராளமும் இல்லை, தம்பி கஞ்சனும் இல்லை. இரண்டு நாட்டின் சம்பளச் சட்டங்கள் நம் மேசையில் வந்து பேசுகின்றன.

இலங்கையில் டிப்ஸ் பெறும் ஊழியருக்கென்று தனியான குறைந்த கூலி கிடையாது. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் எல்லாருக்கும் ஒன்றே. அப்போது மாதம் 10,000 ரூபாயாக இருந்தது. 2021இல் 12,500, 2024இல் 17,500, 2025 ஏப்ரலிலிருந்து 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000 என்று உயர்ந்தது. நாட்கூலியாகப் பார்த்தால் 1,200 ரூபாய். பரிமாறுகிறவருக்கு இது முதலாளி கொடுக்க வேண்டிய அடிப்படைச் சம்பளம். வாடிக்கையாளர் வைக்கும் காசைக் காட்டி அதில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்க முடியாது. இந்த ஒரு வேறுபாடு மனதில் இருந்தால், அமெரிக்கக் கணக்கை இங்கே அப்படியே போட வேண்டிய கட்டாயம் இல்லை என்பது விளங்கும்.

தேத்தண்ணிக் கடையும் சோத்துக் கடையும்

சட்டம் அப்படி. நடப்பு வேறு. நம்முடைய ஊர்களின் சிறிய சாப்பாட்டுக் கடைகளில் பலவற்றில் சம்பளம் என்பது நாட்சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு, தேவைப்பட்டால் கடை மேல்மாடியில் படுக்க இடம் என்று வாய்ப்பேச்சில் முடிவாகிற விசயம். நியமனக் கடிதம் இருக்காது. ஊழியர் சேமலாப நிதி கட்டாத இடங்கள் உண்டு. 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டப்படி ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் கட்ட வேண்டும். அந்தக் கணக்கில் முதலாளி கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியும் சேர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. சாப்பாட்டைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் கடைகள் இதை மறந்துவிடுகின்றன. டிப்ஸ் எவ்வளவு வந்தாலும் அது சேமலாப நிதியில் ஒரு சதமும் சேராது. வயதானபின் கையில் எதுவும் நிற்காது. டிப்ஸ் நல்ல வழக்கம்தான். ஆனால் சம்பளம் செய்யும் வேலையை அது செய்யாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தக் கடைகளில் எதிர்பார்ப்பு என்ன? பிளேன்டீ குடித்து, தட்டில் கொண்டுவந்து வைத்த றோல்ஸ், கட்லட், வடையில் இரண்டை எடுத்துச் சாப்பிட்டு, எண்ணிக்கையை நாமே சொல்லிக் காசு கட்டிவிட்டு வருகிற இடத்தில் யாரும் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. அங்கே மரியாதை என்பது எடுத்ததைச் சரியாகச் சொல்வதுதான். கடைக்காரர் தட்டை எண்ணிப் பார்ப்பதுகூட இல்லை, நாம் சொல்வதை நம்புகிறார். மூன்று றோல்ஸை இரண்டு என்று சொன்னால், மாலையில் கணக்குக் குறையும்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் பரிமாறிய பொடியன்தான்.

மத்தியானச் சோறு, இரவுக் கொத்து என்று மேசைக்கு வந்து ஓர் ஆள் பரிமாறும் கடை கொஞ்சம் வேறு. கறிகளின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி, சோறு இன்னும் வேண்டுமா, சொதி விடவா என்று நான்கு தடவை வந்து கேட்டு, தட்டில் விரித்த லஞ்ச் சீற்றைச் சுருட்டி எடுத்து, மேசையைத் துடைத்து அடுத்த ஆளுக்கு இடம் பண்ணுகிறவர் அவர். இங்கே வழக்கம் மிச்சக் காசை விடுவது. முன்பு இருபது ரூபாய் விட்டால் அதற்கு ஒரு தேநீர் குடிக்கலாம். 2022இல் பணவீக்கம் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டிப்படி செப்டம்பர் மாதம் 69.8 வீதத்தைத் தொட்டது, உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதற்குப் பிறகு பணவீக்கம் அடங்கியது, ஏறிய விலைகள் ஏறியபடியே நின்றன. கோழிக் கொத்து ஒன்று முன்பிருந்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. மேசையில் விடும் தாள் மட்டும் பலருக்கு அதே இருபதிலேயே நிற்கிறது. நான்கு பேர் சாப்பிட்டு இருபது ரூபாயை விட்டுப்போவதைவிட ஒன்றும் விடாமல் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வருவது மேல் என்று நினைக்கிறேன். கொடுப்பதென்றால் ஐம்பது, நூறு என்று கொடுங்கள்.

ஒரு சங்கடமான இடமும் உண்டு. காத்தான்குடியிலோ கல்முனையிலோ பல கடைகளில் பரிமாறுகிறவர் முதலாளியின் மகனாகவோ மருமகனாகவோ இருப்பார். அவர் கையில் நூறு ரூபாயைத் திணித்தால் முகம் சுருங்கும். பழக்கமான கடையென்றால் ஆள் யார் என்று தெரியும். தெரியாத கடையில் மிச்சத்தைத் தட்டில் விட்டால் போதும், அவரே அதை வேலைப் பொடியனிடம் கொடுப்பார் அல்லது காசு மேசைப் பெட்டியில் போடுவார்.

அதேபோல வீட்டிலிருந்து இடியப்பம், பிட்டு அவித்துக் கொடுக்கும் பெண்கள். ஆரையம்பதி, செங்கலடி, காரைதீவு என்று எந்த ஊரிலும் விடியற்காலையிலும் பின்னேரமும் இவர்களை நம்பித்தான் பல வீடுகளின் சாப்பாடு நடக்கிறது. அக்கா, மாமி என்று கூப்பிடும் உறவுக்குள் டிப்ஸ் என்று ஒன்று வராது, வரவும் தேவையில்லை. அங்கே செய்யக்கூடிய உதவி வேறு. ஐம்பது இடியப்பம் சொல்லிவிட்டு இரவு பத்து மணிக்கு வேண்டாம் என்று சொல்லாமல் இருப்பது. மாத முடிவில் தருகிறேன் என்று கடன் வைக்காமல் அன்றன்றே கொடுப்பது. தேங்காய் விலை ஏறும்போது அவர் ஓர் இடியப்பத்துக்கு இரண்டு ரூபாய் கூட்டினால் முகத்தைச் சுளிக்காமல் இருப்பது. நூறு ரூபாய் டிப்ஸைவிட இவை அவருடைய அடுப்புக்கு உதவும்.

பில்லில் வரும் பத்து வீதம்

பாசிக்குடாவில் போருக்குப் பிறகு, 2011 வாக்கில் தொடங்கி, பெரிய விடுதிகள் வரிசையாக எழுந்தன. அங்கேயும் நகரத்துக் குளிரூட்டிய உணவகங்கள் சிலவற்றிலும் பில்லின் அடியில் சேவைக் கட்டணம் 10 வீதம் என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே பெறுமதி சேர் வரி 18 வீதம். இந்த வரி 2024 ஜனவரி 1 முதல் 15இலிருந்து 18 ஆனது. வரிப் பதிவுக்கான வருமான எல்லையையும் அப்போது ஆண்டுக்கு 8 கோடியிலிருந்து 6 கோடி ரூபாயாக இறக்கினார்கள். இந்த வரிக்குப் பதிவு செய்யாத கடை அதைப் பில்லில் போட முடியாது.

5,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் சேவைக் கட்டணம் 500, வரி சுமார் 900, மொத்தம் 6,400 அளவில் வந்து நிற்கும். மேலதிகமாகப் போன 1,400 ரூபாயும் பரிமாறியவருக்குத்தான் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது முழுவதும் அரசாங்கத்துக்குப் போகிறது, ஆகவே ஊழியருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஊழியரோடு சம்பந்தப்பட்டது அந்த 500 மட்டும். 900 வரி. அதில் கடைக்கும் பங்கில்லை, ஊழியருக்கும் பங்கில்லை.

அந்த 500 அன்றைக்கே பரிமாறியவரின் கைக்கு வராது. ஒழுங்கான விடுதியில் மாதம் முழுவதும் சேர்ந்த சேவைக் கட்டணத்தை ஒன்றாக்கி, சமையலறை, அறை துப்புரவு, தோட்டம், வரவேற்பு என்று எல்லாருக்கும் பங்கு பிரிப்பார்கள். உடைந்த கோப்பை, தட்டுக்கென்று ஒரு பகுதியைக் கழிக்கும் இடங்களும் உண்டு. இந்த முறையில் எனக்குப் பிடித்த விசயம், கண்ணுக்குத் தெரியாதவருக்கும் பங்கு போவது. நெருப்புக்கு முன்னால் நிற்பவரையும் சட்டி கழுவுபவரையும் எந்த வாடிக்கையாளரும் பார்ப்பதில்லை. தட்டில் விடும் நூறு ரூபாய் அவர்களிடம் போவது கடினம்.

பிடிக்காத விசயமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. பங்கின் அளவு விடுதியின் வியாபாரத்தோடு ஏறி இறங்குகிறது. பாசிக்குடாவின் நல்ல காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் அறைகள் காலியாகும், பங்கும் சுருங்கும். வாழைச்சேனை, ஓட்டமாவடி, பேத்தாழையிலிருந்து வேலைக்குப் போகிற இளைஞர்களின் மாத வருமானம் இதனால் ஒரு நிலையில் நிற்பதில்லை. பெரிய அடி விழுந்த வருடங்களும் உண்டு. 2018இல் நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளில் தாக்கப்பட்ட இடங்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் ஒன்று. அதன்பிறகு கொரோனா. 2021இல் வந்தவர்கள் இரண்டு இலட்சம்கூட இல்லை. அறைகள் பூட்டிக் கிடந்த மாதங்களில் சேவைக் கட்டணப் பங்கு என்று ஒன்றே இல்லை, அடிப்படைச் சம்பளம் மட்டும், சில இடங்களில் அதுவும் பாதி. 2024இல் எண்ணிக்கை திரும்பவும் 20 இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் அந்த இடைவெளியில் தொழிலை விட்டு வெளிநாட்டுக்குப் போனவர்கள் போனதுதான்.

சேவைக் கட்டணம் முழுவதும் ஊழியருக்குத்தான் போகிறதா என்பது நியாயமான கேள்வி. மற்ற நாடுகளில் இதைச் சட்டத்தால் அணுகியிருக்கிறார்கள். பிரித்தானியாவில் 2023இல் நிறைவேறி 2024 ஒக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம், டிப்ஸும் சேவைக் கட்டணமும் முழுதாக ஊழியருக்கே போக வேண்டும், முதலாளி அதில் கைவைக்கக் கூடாது என்கிறது. இந்தியாவில் வேறு திசை. பில்லில் தானாகச் சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று அங்குள்ள மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சேவைக் கட்டணம் பங்கிடப்பட்டால் சமையலறைக்கும் போகிறது என்பதால், பிரித்தானிய வழிதான் நமக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. இந்திய வழியில் பரிமாறுகிறவருக்கு ஒருவேளை கிடைக்கலாம், சட்டி கழுவுகிறவருக்குக் கிடைக்காது.

நம் பக்கத்தில் வாடிக்கையாளரால் செய்யக்கூடியது, கேட்பது. முதலாளியிடம் சண்டைக்குப் போகிற மாதிரி அல்ல. பரிமாறுகிற தம்பியிடம் மெதுவாக, "இதில போட்டிருக்கிற பத்து வீதம் உங்களுக்குக் கிடைக்குமா?" என்று கேட்டால் அவர் முகமே பதில் சொல்லிவிடும். கிடைக்கிறதென்றால் மேலதிகமாக வைக்க வேண்டிய கடமை இல்லை. கிடைக்கவில்லை என்றால் அவர் கையில் நேரடியாகக் கொடுங்கள், தட்டில் விட வேண்டாம். விலைப்பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். சாப்பிட்டு முடித்தபின் சேவைக் கட்டணத்தைக் கண்டு திகைப்பதைவிட, விலைப்பட்டியலின் அடியில் உள்ள சிறிய எழுத்தை முதலே பார்ப்பது நல்லது. விலை சம்பந்தமாக முறைப்பாடு என்றால் அந்த அதிகாரசபையின் இலக்கம் 1977.

உல்லையின் கணக்கு

அறுகம் குடா, எங்கள் ஆட்கள் சொல்வதுபோல உல்லை, தனி உலகம். மே தொடங்கி ஒக்டோபர் வரை அலையேறி விளையாட வருகிறவர்களின் காலம். பொத்துவில், கோமாரி, பாணமைப் பக்கத்து இளைஞர்கள் பலருக்கு வருட வருமானம் இந்த ஆறு மாதத்தில்தான் இருக்கிறது. வெளிநாட்டவர் அவரவர் நாட்டு வழக்கப்படி கொடுக்கிறார்கள். ஒருவர் பத்து வீதம் வைப்பார், இன்னொருவர் பில்லைச் சரியாகக் கட்டிவிட்டு நன்றி சொல்லிப் போவார். பல கடைகளில் காசு மேசையில் ஒரு போத்தலோ பெட்டியோ இருக்கும். அதில் சேர்வதை இரவில் எல்லாரும் பிரித்துக்கொள்வார்கள்.

இங்கே எனக்குக் கவலை தருவது நம்மவர் நடத்தப்படும் விதம். வெளிநாட்டவர் மேசைக்கு மூன்று தடவை ஆள் போகும், கல்முனையிலிருந்து குடும்பத்தோடு வந்தவர் தண்ணீர்க் கிளாசுக்குக் கால் மணி நேரம் காத்திருப்பார். எல்லாக் கடையிலும் அப்படி இல்லை, ஆனால் நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த நம் உறவினர்கள் மட்டக்களப்பு நகரத்தில் 3,000 ரூபாயை ஒரே மேசையில் வைக்கும்போதும் இதே விளைவு வருகிறது. அந்தத் தொகை இரண்டரை நாள் குறைந்தபட்சக் கூலி. அடுத்த நாள் அந்தத் தம்பியின் கண் எந்த மேசையில் நிற்கும் என்று அவரைக் குறைசொல்ல முடியாது. கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காசு தேவையான ஒருவரிடம்தான் போகிறது. கொடுக்கிறதை பொதுப் பெட்டியில் போட்டால், அல்லது "உள்ளுக்குச் சமைச்ச ஆக்களுக்கும் பிரிச்சுக் குடுங்க தம்பி" என்று சொல்லிக் கொடுத்தால் அதே 3,000 ஆறு பேருக்குப் போகும், ஒரு மேசை மட்டும் இராசா மேசை ஆகாது.

பார்சலும் வாசலுக்கு வருகிற சாப்பாடும்

கடைக்கு நாமே போய்ப் பார்சல் எடுத்தால் டிப்ஸ் எதிர்பார்ப்பு இல்லை. பெரிய கட்டளை என்றால் வேறு. முப்பது புரியாணிப் பார்சலை ஒரு பொடியன் வாகனம் வரைக்கும் தூக்கிவந்து அடுக்கினால் அவருக்கு நூறோ இருநூறோ கொடுப்பது வழக்கம். பலர் சேர்ந்து ஒரே பெரிய தட்டில் உண்ணும் சஹன் சாப்பாட்டைக் கொண்டுவந்து இறக்குகிறவர்களுக்கும் அப்படியே. பார்சலுக்கும் சேர்த்துப் பத்து வீதம் சேவைக் கட்டணம் போட்டிருந்தால் கேட்டு நீக்கச் சொல்லலாம், பரிமாறாத சாப்பாட்டுக்குப் பரிமாறிய காசு வாங்குவதில் நியாயம் இல்லை. 2025 நவம்பர் 1 முதல் கைபிடியுள்ள பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்ற விதி வந்ததால் பைக்கும் பில்லில் ஒரு விலை இருக்கும். அது பையின் விலை, பொடியன் அதை வாங்கிக்கொள்கிறான் என்று அவனோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுவந்து தருகிறவர்களைப் பற்றித்தான் நாம் இன்னும் சரியாக யோசிக்கவில்லை. கொழும்பில் பிக்மீ, ஊபர் ஈட்ஸ் செயலிகள் இந்தத் தொழிலை வளர்த்தன. நம் ஊர்களில் கடைக்குப் போன் எடுத்தோ வட்ஸ்அப்பில் சொல்லியோ வரவழைப்பதும் சகஜம். எந்த வழியில் வந்தாலும் ஒரு விசயம் பொது. மோட்டார் சைக்கிள் அவருடையது, பெற்றோல் அவருடையது, போன் டேட்டா அவருடையது. அவருக்கு நாட்சம்பளம் இல்லை, ஓட்டத்துக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மட்டக்களப்பு நகரத்துக் கடையிலிருந்து கல்லடிப் பாலம் கடந்து நாவற்குடா உள்ளொழுங்கை வரை போய்த் திரும்பினால் எட்டுப் பத்துக் கிலோமீற்றர். லீற்றருக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றர் ஓடுகிற சைக்கிள், பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் 60 ரூபாய் எரிபொருளுக்கே போகிறது. ஒயில், டயர், பிரேக் தேய்மானம் வேறு. ஓட்டக் கூலி 150 என்றால், கடையில் சாப்பாடு தயாராகும்வரை நின்ற நேரமும் சேர்த்து முக்கால் மணி நேர வேலைக்குக் கையில் நிற்பது 80, 90 ரூபாய். 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனபோது இந்தத் தொழிலில் இருந்தவர்கள் பட்ட பாட்டை ஊரே பார்த்தது.

டிப்ஸ் பெறுவதற்கு நம் மாவட்டங்களில் முதல் உரிமை யாருக்கு என்று என்னிடம் கேட்டால் இவர்களைத்தான் சொல்வேன். கடைக்குள் இருப்பவருக்கு ஒரு வேளைச் சாப்பாடாவது கடையில் கிடைக்கும், மழை அவர்மேல் பெய்யாது. மார்கழி மழையில், தண்ணீர் நிற்கிற ஒழுங்கைக்குள், இரவு ஒன்பது மணிக்குக் கொத்துப் பார்சல் சூடாக வந்தால் நூறு, நூற்றைம்பது சேர்த்துக் கொடுப்பது பெரிய காரியம் அல்ல. சாதாரண நாளில் ஐம்பது போதும். செயலியில் டிப்ஸ் போடலாம், அதுவும் நல்லதே. கையில் கிடைத்தால் அன்றைக்கே பெற்றோலுக்கு உதவும்.

காசைத் தவிர்த்தும் இங்கே முறை என்று சில உண்டு. வீட்டு அடையாளத்தைச் சரியாகச் சொல்வது. கோயிலுக்குப் பக்கத்தில், பள்ளிவாசலுக்குப் பின்னால் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை எடுக்காமல் இருப்பது கூடாது. 5,000 ரூபாய்த் தாளை நீட்டி 900 ரூபாய்ப் பார்சலுக்கு மிச்சம் கேட்டால் அவர் எங்கே போவார்? நாயைக் கட்டிவைப்பது. சாப்பாடு பிழையாக வந்திருந்தால் கடைக்குப் போன் எடுத்துச் சொல்வது. கட்டிக் கொடுத்தது கடை, கொண்டுவந்தவர் பொதியைப் பிரித்துப் பார்க்க முடியாது. நோன்பு மாதத்தில் ஏறாவூர், காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சரியாகச் சாப்பாடு வேண்டும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் சொல்கிறார்கள். கொண்டுவருகிற தம்பியும் நோன்பாளியாக இருக்கலாம். அந்த நேரத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரும் இரண்டு பேரீச்சம்பழமும் வாசலில் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன, சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் அந்த வீடுகளை மறப்பதில்லை.

கொடுக்கும் விதம், கடைக்காரர் செய்யக்கூடியது

தொகையை ஒரு தடவை சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தேத்தண்ணிக் கடையில் எதுவும் தேவையில்லை. மேசையில் பரிமாறும் சோத்துக் கடை, கொத்துக் கடையில் ஆளுக்குத் தக்கபடி ஐம்பது, நூறு. சேவைக் கட்டணம் போடாத குளிரூட்டிய உணவகத்தில் ஐந்து முதல் பத்து வீதம். சேவைக் கட்டணம் போட்ட இடத்தில் கட்டாயம் இல்லை, மனம் குளிர்ந்தால் நூறோ இருநூறோ கையில். இவை என் அளவுகள். மாணவரும் நாட்கூலிக்குப் போகிறவரும் இதைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம். சாப்பிட்டதற்குச் சரியாகக் காசு கட்டியவர் யாருக்கும் கடன்காரர் இல்லை.

கொடுக்கும்போது தாளை மடித்து வலது கையால் கொடுங்கள். சில்லறையை மேசையில் உருட்டிவிட்டுப் போவதும், ஊதிய பலூன்போல எல்லாரும் பார்க்க நீட்டுவதும் வாங்குகிறவரைச் சிறுமைப்படுத்தும். வயது மூத்தவர் பரிமாறினால் அண்ணன், ஐயா, நானா என்று சொல்லிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதை விட வேண்டாம். சேவை மோசமாக இருந்ததென்றால் டிப்ஸைக் குறைத்துத் தண்டிப்பதைவிடக் காரணத்தைச் சொல்வது பயன்தரும். சாப்பாடு பிந்தியதற்கு அடுப்படியில் ஆள் குறைவாக இருந்தது காரணமாக இருக்கலாம், பரிமாறியவர் அதற்குப் பொறுப்பில்லை.

கடைக்காரர்கள் பக்கத்தில் பெரிய செலவில்லாத சில மாற்றங்கள் செய்யலாம். சேவைக் கட்டணம் எடுத்தால், எத்தனை வீதம், அது எந்தெந்த ஊழியருக்குப் பிரிக்கப்படுகிறது என்று விலைப்பட்டியலின் அடியில் இரண்டு வரி போடலாம். எடுக்காவிட்டால் ஊழியர் பெட்டி என்று எழுதி ஒரு பெட்டி வைத்து, சனிக்கிழமை இரவு எல்லாருக்கும் முன்னால் திறந்து சமையலறையோடு சேர்த்துப் பிரிக்கலாம். முதலாளியும் அவர் குடும்பமும் அந்தப் பங்கில் சேரக் கூடாது. வாடிக்கையாளரிடம் விநியோகக் கட்டணம் என்று 200 ரூபாய் வாங்கிவிட்டு ஓட்டுகிறவருக்கு 120 கொடுக்கும் கடைகள், அந்த 80 எங்கே போகிறது என்பதைக் கட்டணத்திலேயே பிரித்துக் காட்ட வேண்டும். முழுத் தொகையும் ஓட்டுகிறவருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு பலர் கையில் எதுவும் கொடுக்காமல் கதவைச் சாத்துகிறார்கள்.